தொலைநிலை வானொலிப் போட்டிப் பதிவு

தொலைநிலை வானொலிப் போட்டிப் பதிவு என்பது, அமெச்சூர் வானொலிப் போட்டியில் பங்கேற்பவர் வானொலி நிலையத்திலிருந்து விலகி வேறோர் இடத்தில் இருந்துகொண்டு, இணையத்தின் வழியாக அந்நிலையத்தை இயக்கி, தான் ஏற்படுத்தும் தொடர்புகளைக் கணினி மென்பொருளில் உடனுக்குடன் பதிவு செய்யும் முறையாகும். இதற்குப் பயன்படும் மென்பொருள் போட்டிப் பதிவு மென்பொருள் எனப்படும். பெயரளவில் இது பதிவேடாக இருந்தாலும், நடைமுறையில் டிரான்சீவரின் அதிர்வெண்ணை மாற்றுதல், மோர்சு குறிகளை அனுப்புதல், பதிவு செய்த குரலை ஒலிபரப்புதல், ஆன்டெனாவைத் திருப்புதல் ஆகிய பணிகளையும் இதுவே செய்கிறது. ஆகவே, தொலைநிலை இயக்கத்தில் இம்மென்பொருளை எங்கே நிறுவுவது, அதன் கட்டளைகளில் எவை இணையத்தைக் கடந்து செல்வது என்பவை பதிவேட்டின் துல்லியத்தையும் நிலையத்தின் பாதுகாப்பையும் தீர்மானிக்கின்றன.

பின்னணி

அமெச்சூர் வானொலி, ஹாம் வானொலி என்றும் அழைக்கப்படுகிறது. உரிமம் பெற்ற தனிநபர்கள் வணிக நோக்கமின்றி நடத்தும் வானொலித் தொடர்பாடல் இதுவாகும். வானொலிப் போட்டிகளில் குறிப்பிட்ட கால அளவுக்குள் இயன்ற அளவு கூடுதலான நிலையங்களுடன் தொடர்பு கொள்வதே நோக்கம். இவற்றுள் நன்கு அறியப்பட்டது 'சிக்யூ' என்ற அமெரிக்க இதழ் தொடங்கிய சிக்யூ உலகளாவிய டிஎக்ஸ் போட்டியாகும். இது 1948 ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. குரல்வழிப் போட்டி அக்டோபர் மாதத்தின் கடைசி முழு வார இறுதியிலும், மோர்சு குறிப் போட்டி நவம்பர் மாதத்தின் கடைசி முழு வார இறுதியிலும் நடைபெறும். இரண்டும் ஒருங்கிணைந்த அனைத்துலக நேரப்படி சனிக்கிழமை 00:00 மணிக்குத் தொடங்கி 48 மணி நேரம் நீடிக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளவர்களுக்கு இது சனிக்கிழமை அதிகாலை 5:30 மணியாகும்.

இப்போட்டிக்காக உலகம் 40 வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இந்தியாவும் இலங்கையும் 22 ஆம் வலயத்தைச் சேர்ந்தவை. தொடர்பு கொள்ளும் இரு நிலையங்களும் சமிக்ஞையின் தர அறிக்கையையும் தத்தம் வலய எண்ணையும் பரிமாறிக்கொள்ளும். வேறு கண்டத்திலுள்ள நிலையத்துடன் கொள்ளும் தொடர்புக்கு 3 புள்ளிகள் கிடைக்கும். தன் நாட்டு நிலையத்துடன் கொள்ளும் தொடர்புக்குப் புள்ளி இல்லை. 160, 80, 40, 20, 15, 10 மீட்டர் ஆகிய ஆறு அலைப்பட்டைகளிலும் புதிதாகத் தொடர்பு கொண்ட ஒவ்வொரு வலயமும் ஒவ்வொரு நாடும் ஒரு பெருக்கெண்ணாகக் கருதப்படும். மொத்தப் புள்ளிகளைப் பெருக்கெண்களின் கூட்டுத்தொகையால் பெருக்கினால் கிடைப்பதே இறுதி மதிப்பெண்.

முற்காலத்தில் இவையனைத்தும் தாளில் எழுதப்பட்டன. ஒரு நிலையத்துடன் அதே அலைப்பட்டையில் ஏற்கெனவே தொடர்பு கொண்டாயிற்றா என்பதை அறிய, அழைப்புக்குறிகளை அகரவரிசைக் கட்டங்களில் தனியே குறித்து வைக்க வேண்டியிருந்தது. 1980களில் டாஸ் இயங்குதளத்திற்காக எழுதப்பட்ட சி.டி. என்ற மென்பொருள் இப்பணியைக் கணினிக்கு மாற்றிய முன்னோடிகளுள் ஒன்று. பின்னர் பல மென்பொருட்கள் தோன்றின. விண்டோஸ் இயங்குதளத்தில் இயங்கும் என்1எம்எம் லாகர் பிளஸ், வின்-டெஸ்ட், ரைட்லாக், டிஎக்ஸ்லாக் ஆகியனவும், லினக்ஸில் இயங்கும் டி.எல்.எஃப், மேக் கணினிகளுக்கான ஸ்கூக்கம்லாகர் ஆகியனவும் இவற்றுள் சில. என்1எம்எம் லாகர் பிளஸ் இலவசமாக வழங்கப்படுகிறது. இக்கட்டுரையில் இம்மென்பொருளே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

தொலைநிலை இயக்கத்தின் தேவையும் விதிகளும்

நகரங்களிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் உயரமான கோபுரங்களையும் பெரிய ஆன்டெனாக்களையும் நிறுவ இயலாது. மின்சாதனங்கள் எழுப்பும் வானொலி இரைச்சலும் நகரங்களில் மிகுதி. ஆகவே ஊருக்கு வெளியே நிலையத்தை அமைத்து, அதனை வீட்டிலிருந்து இயக்கும் வழக்கம் பரவியது. முதுமையினாலோ நோயினாலோ நிலையம் இருக்கும் இடத்திற்குச் செல்ல இயலாதவர்களும் இம்முறையினால் தொடர்ந்து பங்கேற்க முடிகிறது.

போட்டி விதிகளைப் பொருத்தவரை நிலையத்தின் இடமே கணக்கில் கொள்ளப்படும். இயக்குபவர் அமர்ந்திருக்கும் இடம் கருதப்படுவதில்லை. எடுத்துக்காட்டாக, நியூயார்க் நகரில் வாழும் ஒருவர், ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நெவாடா மாநிலத்து நிலையத்தை இயக்குவதாகக் கொள்வோம். நியூயார்க் 5 ஆம் வலயத்திலும் நெவாடா 3 ஆம் வலயத்திலும் உள்ளன. அவர் அனுப்ப வேண்டிய வலய எண் 3 ஆகும். சிக்யூ போட்டியின் விதிகள், செலுத்திகள், வாங்கிகள், ஆன்டெனாக்கள் அனைத்தும் ஒரே நிலைய வளாகத்தில் இருந்தால் தொலைநிலை இயக்கத்தை அனுமதிக்கின்றன. நெவாடாவில் செலுத்திக்கொண்டு, வேறோர் ஊரில் இணையம் வழியாகக் கிடைக்கும் வாங்கியில் கேட்பது விதிமீறலாகும்.

போட்டி விதிகளுக்கு மேலாக, நிலையம் உள்ள நாட்டின் சட்டமும் பொருந்தும். எல்லை கடந்து இயக்குபவர்கள், அந்நாட்டில் செல்லுபடியாகும் உரிமம் தமக்கு உண்டா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். பயணிகளுக்குத் தற்காலிகமாக வழங்கப்படும் பரஸ்பர உரிம ஏற்பாடுகள், அந்நாட்டிற்கு நேரில் செல்பவர்களை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை. அவை தொலைநிலை இயக்கத்திற்கும் பொருந்தும் என எடுத்துக்கொள்ளலாகாது.

தொகுதியின் உறுப்புகள்

தொலைநிலைப் போட்டி நிலையம் ஒன்றில் நான்கு வகையான தரவுகள் இணையத்தைக் கடக்கின்றன.

- கட்டுப்பாட்டுக் கட்டளைகள்: அதிர்வெண், பண்பேற்ற முறை, வடிகட்டி ஆகியவற்றை மாற்றுபவை. கென்வுட் நிறுவன டிரான்சீவர்களில் இவை இரண்டு எழுத்துகளில் தொடங்கி அரைப்புள்ளியில் முடியும் எளிய எழுத்துச் சரங்கள். ஐகாம் நிறுவனத்தின் கருவிகள் சி.ஐ.-வி எனும் இரும எண் நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன.
- கேட்கும் ஒலி: வாங்கியிலிருந்து இயக்குபவரின் காதுக்கு வருவது.
- செலுத்தும் சமிக்ஞை: ஒலிவாங்கியில் பேசும் குரல் அல்லது மோர்சு குறி.
- துணைக் கருவிகளின் கட்டளைகள்: ஆன்டெனாவைச் சுழற்றும் கருவி, ஆன்டெனா மாற்றி, ஆம்ப்ளிபையர், மின்னிணைப்பு ஆகியவற்றுக்கானவை.

இந்நான்கின் தேவைகளும் வேறுபட்டவை. கட்டுப்பாட்டுக் கட்டளைகள் அளவில் மிகச் சிறியவை. சற்றுத் தாமதித்தாலும் தீங்கில்லை. ஒலி தொடர்ச்சியாக வர வேண்டும். மோர்சு குறியின் கால அளவோ சிறிதும் பிறழக் கூடாது. இணைய இணைப்பின் வேகம் எவ்வளவு என்பதைவிட, பொதிகள் ஒரே சீரான இடைவெளியில் வந்து சேர்கின்றனவா என்பதே இங்கு முதன்மையானது.

மென்பொருளின் இடம்

பதிவு மென்பொருளை நிறுவுவதற்கு இரு வழிகள் உள்ளன.

நிலையக் கணினியில் இயக்குதல்

முதல் முறையில், மென்பொருள் நிலையத்திலுள்ள கணினியில் இயங்கும். டிரான்சீவரும் மோர்சு கருவியும் யுஎஸ்பி வடங்களால் அதனுடன் நேரடியாக இணைக்கப்பட்டிருக்கும். இயக்குபவர் தொலைத்திரை மென்பொருள் வழியாக அக்கணினியின் திரையைக் காண்கிறார். கட்டளைகளும் மோர்சு குறிகளும் நிலையத்திற்குள்ளேயே உருவாவதால் அவற்றின் கால அளவு பிறழ்வதில்லை. இணைப்பு அறுந்தாலும், அதுவரை பதிந்த தொடர்புகள் நிலையக் கணினியில் பாதுகாப்பாக இருக்கும்.

இதன் குறைபாடு, தட்டச்சு செய்யும் ஒவ்வோர் எழுத்தும் இணையம் வழியாகச் சென்று, திரையின் படமாகத் திரும்பி வர வேண்டியிருப்பதாகும். மேலும், விண்டோஸின் தொலைத்திரை வசதி இயல்பாகவே ஒலியை இயக்குபவரின் கணினிக்குத் திருப்பி அனுப்பும். அந்நிலையில் நிலையக் கணினியின் ஒலி அட்டைகள் பதிவு மென்பொருளின் பார்வையிலிருந்து மறைந்துவிடலாம். எனவே, ஒலியைத் தொலைக் கணினியிலேயே விட்டுவைக்கும்படி அமைப்பை மாற்றி, ஒலிக்கெனத் தனி மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும்.

இயக்குபவரின் கணினியில் இயக்குதல்

இரண்டாம் முறையில், மென்பொருள் இயக்குபவரின் கணினியிலேயே இயங்கும். தட்டச்சு உடனடியாகத் திரையில் தெரியும். கருவிகளுக்கான கட்டளைகள் மட்டும் இணையத்தைக் கடக்கும். இதற்கு, தொலைவிலுள்ள சீரியல் போர்ட்டைத் தன் கணினியில் உள்ளது போலக் காட்டும் மெய்நிகர் சீரியல் போர்ட் தேவைப்படும். லினக்ஸில் செர்2நெட் எனும் மென்பொருள் இதற்கான வழங்கியாகப் பயன்படுகிறது. ஹாம்லிப் எனும் திறமூல நிரல் தொகுப்பிலுள்ள ரிக்சிடிஎல்டி என்ற வழங்கியும் டிரான்சீவரைப் பிணையத்தில் கிடைக்கச் செய்கிறது. அதன் இயல்பான போர்ட் எண் 4532. டி.எல்.எஃப் போன்ற மென்பொருட்கள் இதனுடன் நேரடியாக இணையும். பிணைய வசதியைத் தம்முள்ளேயே கொண்ட டிரான்சீவர்களும், நிலையத்தில் ஒன்றும் இயக்குபவரிடம் ஒன்றுமாக இணையாக நிறுவப்படும் தனிக் கருவிகளும் கிடைக்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது கட்டளைகளின் சுற்று நேரமாகும். பதிவு மென்பொருள் டிரான்சீவரின் அதிர்வெண்ணை அடிக்கடி கேட்டு அறிகிறது. விடை வருவதற்குள் அடுத்த கேள்வி புறப்பட்டால், மென்பொருள் டிரான்சீவர் பதிலளிக்கவில்லை என முடிவு செய்துவிடும். கேட்கும் இடைவெளியை நீட்டியோ, மாற்றம் நேரும்போது மட்டும் டிரான்சீவர் தானாகத் தெரிவிக்கும் வசதியை இயக்கியோ இதனைத் தவிர்க்கலாம்.

தாமதமும் மோர்சு குறியும்

கண்ணாடி இழையில் ஒளி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. ஆகவே 4,000 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க 20 மில்லிநொடியும், சென்று திரும்ப 40 மில்லிநொடியும் தேவை. இது இயற்பியல் விதிக்கும் குறைந்தபட்ச அளவு. இணைப்பு வளைந்து செல்லும் பாதை, திசைவிகள், ஒலியைக் குறுக்கும் முறை, இடைநினைவகம் ஆகியவை இதற்கு மேல் சேரும். பரவலாகப் பயன்படும் ஓப்பஸ் ஒலிக்குறுக்க முறை இயல்பான அமைப்பில் 26.5 மில்லிநொடி தாமதத்தைச் சேர்க்கிறது.

மாறாத தாமதம் ஒன்றுக்கு மனிதர் விரைவில் பழகிவிடுவர். ஒரு மணி நேரத்தில் 180 தொடர்புகள் என்ற வேகத்தில் ஒரு தொடர்புக்கு 20 நொடிகள் கிடைக்கின்றன. இதில் 150 மில்லிநொடித் தாமதம் இருமுறை சேர்ந்தாலும் இழப்பு 1.5 விழுக்காடுதான். ஆனால் தாமதம் ஒவ்வொரு பொதிக்கும் மாறிக்கொண்டே இருந்தால் நிலைமை வேறு. பொதி நடுக்கம் எனப்படும் இந்த ஏற்ற இறக்கமே மோர்சு குறியைச் சிதைப்பது.

மோர்சு குறியின் வேகத்தை அளக்க 'பாரிஸ்' என்ற சொல் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. இச்சொல் இறுதி இடைவெளியுடன் சேர்த்து 50 அலகு நீளமுடையது. நிமிடத்திற்கு 30 சொற்கள் என்ற வேகத்தில் ஒரு அலகு, அதாவது ஒரு புள்ளி, 40 மில்லிநொடி நீடிக்கும். ஒரு கோடு 120 மில்லிநொடி நீடிக்கும். சாவி அழுத்தப்பட்டது, விடப்பட்டது என்ற நிலைமாற்றங்களை அப்படியே இணையத்தில் அனுப்பினால், 40 மில்லிநொடி நடுக்கமே ஒரு புள்ளியை விழுங்கிவிடவோ இரு மடங்காக நீட்டிவிடவோ போதுமானது. இவ்வாறு சிதைந்த அழைப்புக்குறியை எதிர்முனையில் உள்ளவர் தவறாகப் பதிவு செய்தால், அத்தொடர்பு அவருக்கும் பயனற்றுப் போகும்.

இதற்குத் தீர்வு, நிலைமாற்றங்களை அனுப்பாமல் எழுத்துகளை அனுப்புவதாகும். வின்கீயர் போன்ற மோர்சு கருவியை நிலையத்தில் வைத்தால், பதிவு மென்பொருள் எழுத்துகளை மட்டும் அதற்கு அனுப்பும். புள்ளிகளையும் கோடுகளையும் அக்கருவியே தன் கடிகாரத்தைக் கொண்டு உருவாக்கும். நிமிடத்திற்கு 30 சொற்கள் வேகத்தில் ஓர் எழுத்தை ஒலிக்கச் சராசரியாக 400 மில்லிநொடி ஆகும். அதற்குள் அடுத்த எழுத்துகள் கருவியின் இடைநினைவகத்தை அடைந்துவிடும். இம்முறையில் கணிசமான பொதி நடுக்கம் இருந்தாலும் வானில் செல்லும் குறி சீராகவே இருக்கும். மாறாக, சீரியல் போர்ட்டின் கட்டுப்பாட்டுக் கம்பியை நேரடியாக மாற்றி மோர்சு அனுப்பும் முறை, இணையத்தின் குறுக்கே பயன்படுத்தத் தக்கதன்று.

குரல்வழிப் போட்டிகளிலும் இதே கொள்கை பொருந்தும். அடிக்கடி சொல்லப்படும் அழைப்பு, வலய எண் முதலியவற்றைப் பதிவு செய்து, அக்கோப்புகளை நிலையக் கணினியில் வைத்து அங்கிருந்தே ஒலிக்கச் செய்தால், இணையத்தில் ஒலி அறுபடுவது அவற்றைப் பாதிக்காது. நேரடியாகப் பேசும் குரல் மட்டுமே இணையத்தைக் கடக்கும். மம்பிள் போன்ற தாமதம் குறைந்த குரல் மென்பொருட்கள் இதற்குப் பயன்படுகின்றன. அவற்றிலுள்ள இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். மெல்லிய மோர்சு ஒலியையும் தொலைதூரக் குரலையும் அவ்வசதி இரைச்சல் எனக் கருதி நீக்கிவிடும்.

அமைக்கும் முறை

என்1எம்எம் லாகர் பிளஸ் மென்பொருளை நிலையக் கணினியில் நிறுவும்போது பின்வரும் வரிசை பின்பற்றத்தக்கது.

1. கணினியை ஆயத்தப்படுத்தல்: உறக்க நிலையை அணைத்தல், யுஎஸ்பி போர்ட்டுகளின் மின்சேமிப்பை அணைத்தல், போட்டி நாட்களில் இயங்குதளம் தானாக இற்றைப்படுத்திக்கொண்டு மறுதொடக்கம் செய்வதை ஒத்திவைத்தல், மின்சாரம் தடைப்பட்டு மீண்டதும் கணினி தானாகத் தொடங்கும்படி செய்தல்.
2. பிணையம்: தொலைத்திரை வசதியை இணையத்திற்கு நேரடியாகத் திறந்து வைப்பது ஊடுருவலுக்கு வழிவகுக்கும். வயர்கார்டு, ஓப்பன்விபிஎன் போன்ற மெய்நிகர் தனியார் பிணையத்தின் வழியாக மட்டுமே அணுக வேண்டும். இணையச் சேவை வழங்குநர் நிலையத்திற்குத் தனி முகவரி வழங்காதபோது, நிலையக் கணினியே வெளியே உள்ள வழங்கி ஒன்றுடன் இணையும்படி அமைக்கலாம்.
3. டிரான்சீவர் இணைப்பு: மென்பொருளின் அமைப்புச் சாளரத்தில் டிரான்சீவரின் வகை, சீரியல் போர்ட், வேகம் ஆகியவற்றைத் தேர்வு செய்தல். டிரான்சீவரிலும் அதே வேகம் அமைக்கப்பட்டிருக்க வேண்டும். அதிர்வெண்ணைத் திருகினால் மென்பொருளிலும் எண் மாற வேண்டும்.
4. மோர்சு கருவி: அதற்கெனத் தனிச் சீரியல் போர்ட்டை ஒதுக்குதல்.
5. நிலையத் தரவு: அழைப்புக்குறி, வலயம், அகலாங்கு, நெட்டாங்கு ஆகியவற்றை இடுதல். இவை நிலையத்தின் தரவுகளாக இருக்க வேண்டும். இயக்குபவரின் வீட்டுத் தரவுகளை இட்டால், ஆன்டெனாவைத் திருப்ப வேண்டிய திசையும் சூரிய உதய, மறைவு நேரங்களும் தவறாகக் கணக்கிடப்படும்.
6. போட்டியைத் தொடங்கல்: தரவுத்தளத்தில் புதிய பதிவேட்டைத் திறந்து, போட்டியின் பெயர், பங்கேற்கும் பிரிவு, அனுப்பும் வலய எண் ஆகியவற்றை இடுதல். பிற நிலையங்களைப் பற்றிய அறிவிப்புகளை இணையத்திலிருந்து பெற்றுப் பயன்படுத்தினால் உதவி பெற்றவர் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
7. நாட்டுக் கோப்பு: அழைப்புக்குறியைக் கொண்டு நாட்டையும் வலயத்தையும் அறிய உதவும் கோப்பின் அண்மைய பதிப்பைத் தரவிறக்குதல். பழைய கோப்பு இருந்தால் புதிய பெருக்கெண்கள் கண்ணில் படாமல் போகும்.
8. செயல் விசைகள்: எஃப்1 விசையில் பொது அழைப்பு, எஃப்2 விசையில் பரிமாற்றச் செய்தி, எஃப்3 விசையில் நன்றி என்பது இம்மென்பொருளின் வழக்கமான ஏற்பாடு. அடுத்து அனுப்ப வேண்டிய செய்தியை 'என்டர்' விசையே தேர்ந்தெடுத்து அனுப்பும் வசதி, விசை அழுத்தங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதால் தொலைநிலையில் பெரிதும் உதவும்.
9. ஒத்திகை: முதலில் ஆன்டெனாவிற்குப் பதிலாகப் போலிச் சுமையை இணைத்தும், பின்னர் ஒவ்வோர் அலைப்பட்டையிலும் முழுத் திறனிலும் சோதித்தல். செலுத்தும் அலைகள் திசைவியையோ யுஎஸ்பி வடத்தையோ பாதித்து இணைப்பைத் துண்டிப்பது பெரும்பாலும் இச்சோதனையில்தான் வெளிப்படும். ஃபெரைட் வளையங்கள் இதனைக் குறைக்க உதவும். புதன்கிழமைகளில் சிடபிள்யூஆப்ஸ் கழகம் நடத்தும் ஒரு மணி நேர மோர்சுப் போட்டிகள் நல்ல ஒத்திகைக் களமாகும்.

ஆன்டெனா மாற்றியைப் பதிவு மென்பொருளின் கட்டளையால் இயக்குவதைவிட, டிரான்சீவர் வெளியிடும் அலைப்பட்டைத் தகவலைக் கொண்டு நிலையத்திலேயே இயக்குவது நன்று. கட்டளை வந்து சேராமல், 40 மீட்டர் ஆன்டெனாவிற்குள் 20 மீட்டர் சமிக்ஞையை முழுத் திறனில் செலுத்தினால் ஆம்ப்ளிபையர் பழுதடையக்கூடும்.

இணைப்பு அறுதலும் பாதுகாப்பும்

தொலைநிலை இயக்கத்தின் மிகப் பெரிய இடர், செலுத்தி இயங்கிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுவதாகும். மேற்கூறிய கென்வுட் நெறிமுறையில் செலுத்தத் தொடங்குவதற்கு ஒரு கட்டளையும், வாங்கும் நிலைக்குத் திரும்புவதற்கு வேறொரு கட்டளையும் உள்ளன. முதற்கட்டளை சென்றடைந்து, இரண்டாம் கட்டளை செல்வதற்குள் இணைப்பு அறுந்தால், ஆளில்லாத நிலையம் தொடர்ந்து செலுத்திக்கொண்டே இருக்கும். சிக்யூ போட்டியின் உயர் திறன் பிரிவில் 1,500 வாட் வரை அனுமதி உண்டு. அவ்வளவு திறனில் இடைவிடாது செலுத்துவது பிறருடைய தொடர்புகளைக் கெடுப்பதோடு, கருவிகளுக்குச் சேதத்தையும் தீ விபத்தையும் விளைவிக்கக்கூடும்.

அமெரிக்கக் கூட்டரசுத் தொடர்பு ஆணையத்தின் அமெச்சூர் வானொலி விதிகள் இதனை நேரடியாகக் கருத்திற்கொள்கின்றன. தொலைக்கட்டுப்பாட்டு இணைப்பு பழுதுற்றால், நிலையம் 3 நிமிடங்களுக்கு மேல் செலுத்தாதவாறு ஏற்பாடு இருக்க வேண்டும் என்றும், உரிமமற்றோர் நிலையத்தைச் செலுத்தச் செய்யாதவாறு பாதுகாப்பு இருக்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. நிலையத்தில் உரிமத்தின் நகலும், உரிமதாரரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவையும் வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

எனவே, செலுத்தத் தொடங்கும் கட்டளை இணையத்தின் வழியாக வரலாம். நிறுத்தும் பொறுப்பு செலுத்தியின் அருகிலேயே இருக்க வேண்டும் என்பது தொலைநிலை நிலையங்களின் அடிப்படை விதியாகக் கொள்ளத்தக்கது. இதற்கான காப்புகள் பல அடுக்குகளாக அமையும்.

- டிரான்சீவரிலேயே உள்ள செலுத்தும் கால வரம்பு. போட்டியில் ஒரு செய்தி சில நொடிகளே நீடிப்பதால் இதனை மிகக் குறைவாகவே வைக்கலாம்.
- நிலையக் கணினியில் இயங்கும் கண்காணிப்பு நிரல். இயக்குபவரின் கணினியிலிருந்து வரும் துடிப்புச் செய்தி நின்றால் இது செலுத்துதலை நிறுத்தும்.
- இணையத்தைச் சாராமல், கைபேசிப் பிணையத்தின் வழியாக முழு நிலையத்தின் மின்சாரத்தையும் துண்டிக்கும் ஆளி.
- நிலையத்தின் அருகில் வசிக்கும் ஒருவரின் உதவி.

இவற்றுள் இரண்டாவது நிலையக் கணினியைச் சார்ந்தது. பதிவு மென்பொருள் உறைந்துபோகும் வேளையில் கண்காணிப்பு நிரலும் சேர்ந்தே உறைந்துபோகலாம் என்பதால், மென்பொருள் காப்பு மட்டும் போதாது. ஒத்திகையின்போது, செலுத்திக்கொண்டிருக்கையில் இணைய வடத்தைக் கழற்றி, எத்தனை நொடிகளில் செலுத்துதல் நிற்கிறது என்பதை அளந்து பார்ப்பதே இதற்கான நேரடிச் சோதனை.

பதிவேட்டின் நம்பகத்தன்மை

போட்டிக்குப் பின், பங்கேற்றவர்களின் பதிவேடுகள் கணினியால் ஒன்றோடொன்று ஒப்பிடப்படுகின்றன. அழைப்புக்குறி, நேரம், அலைப்பட்டை, பரிமாற்றச் செய்தி ஆகியன எதிர்முனைப் பதிவேட்டுடன் பொருந்த வேண்டும். தொலைநிலை இயக்கத்தில் பின்வரும் பிழைகள் எளிதில் நேரக்கூடியவை.

நேரப் பிழை: பதிவில் இடப்படும் நேரம், மென்பொருள் இயங்கும் கணினியின் கடிகாரத்திலிருந்து பெறப்படுகிறது. இரு கணினிகளும் பிணைய நேர நெறிமுறை மூலம் ஒத்திசைக்கப்பட்டிருக்க வேண்டும். கணினியின் நேர வலயம் தவறாக அமைந்தால் அனைத்துப் பதிவுகளும் பல மணி நேரம் பிறழும்.

அலைப்பட்டைப் பிழை: டிரான்சீவருடனான இணைப்பு அறுந்திருப்பதை அறியாமல் தொடர்ந்தால், மென்பொருள் கடைசியாக அறிந்த அலைப்பட்டையிலேயே புதிய தொடர்புகளையும் பதிந்துவிடும். ஒலி தொடர்ந்து கேட்டுக்கொண்டிருப்பதால் இது உடனே புலப்படாது. நேரில் இருப்பவர் டிரான்சீவரின் முகப்பைப் பார்த்து உடனே அறிவார்; தொலைவில் இருப்பவருக்கு மென்பொருள் காட்டும் எண்ணே முகப்பாகும்.

இரு பதிவேடுகள்: இணைப்பு நீண்ட நேரம் அறுந்து, இயக்குபவர் வேறொரு கணினியில் புதிய பதிவேட்டைத் தொடங்கினால், முன்னர்த் தொடர்பு கொண்ட நிலையங்கள் புதியவை போலத் தோன்றும். சிக்யூ டபிள்யூபிஎக்ஸ் போன்ற, தொடர் எண் பரிமாறும் போட்டிகளில் எண்களும் மீண்டும் 1 இலிருந்து தொடங்கிவிடும். என்1எம்எம் லாகர் பிளஸ் ஒவ்வொரு தொடர்பையும் எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பில் சேமிக்கிறது. பிணையத்தில் இணைந்த இரண்டாவது கணினியிலும் அதே பதிவேட்டை வைத்திருக்கும் வசதி இதில் உண்டு. இவ்வசதியினால் ஒரு கணினி பழுதானாலும் மற்றதில் தொடரலாம்.

போட்டி முடிந்ததும் பதிவேடு கப்ரில்லோ எனும் எழுத்துக் கோப்பு வடிவில் உருவாக்கப்படுகிறது. அதன் ஒவ்வொரு வரியிலும் ஒரு தொடர்பின் அதிர்வெண், முறை, நாள், நிமிடம் வரையிலான நேரம், இரு அழைப்புக்குறிகள், பரிமாறிய செய்திகள் ஆகியன இடம்பெறும். சிக்யூ போட்டியில் இதனை 5 நாட்களுக்குள் சமர்ப்பிக்க வேண்டும். ஒரே அலைப்பட்டையில் இரண்டாம் முறை கொண்ட தொடர்புகளை நீக்கத் தேவையில்லை. அவற்றை அப்படியே விடுவது எதிர்முனையாளரின் பதிவேட்டைச் சரிபார்க்க உதவும். சொந்தப் பயன்பாட்டிற்கான பதிவேட்டுக்கு மாற்ற ஏடிஐஎஃப் எனும் வடிவம் பயன்படுகிறது.

கலைச்சொற்கள்

- அழைப்புக்குறி: கால் சைன்
- பரிமாற்றச் செய்தி: எக்ஸ்சேஞ்ச்
- பெருக்கெண்: மல்டிப்ளையர்
- பொதி நடுக்கம்: ஜிட்டர்
- இடைநினைவகம்: பஃபர்
- போலிச் சுமை: டம்மி லோட்
- செயல் விசை: ஃபங்ஷன் கீ
- வழங்கி: சர்வர்

இவற்றையும் பார்க்கவும்

- அமெச்சூர் வானொலி
- மோர்சு தந்திக்குறிப்பு
- ஒருங்கிணைந்த அனைத்துலக நேரம்
- மெய்நிகர் தனியார் பிணையம்